வண்டி வராத செவ்வாய்க்கிழமை

செப்டம்பர் 14, 2018 — வெள்ளி

தக்காளி லாரி இன்றும் எங்கள் முக்கில் வேகமாகத் திரும்பியது. சாலையோரம் முழுக்கத் தக்காளி. நசுங்காததாகப் பார்த்து ஒரு வாளி பொறுக்கிக்கொண்டேன். லாரிக்காரன் கையாட்டினான். நான் ஆட்டவில்லை. போன வருஷம் என் தபால் பெட்டியை இடித்தவன் இவன்தான். தொப்பி மாறியிருக்கிறது, காது அதே காது.

மத்தியானம் கல்லூரியில் மிஸ் வாங் கூப்பிட்டு அனுப்பினாள். யார் எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்று வழி சொல்கிற பெண். ஹ்மாங் இனத்துப் பெண், என் மகளைவிடச் சின்னவள். கணினியை என் பக்கம் திருப்பினாள்.

“மிசஸ் ரோசா, இந்தப் பருவம் முடிஞ்சா உங்களுக்கு அறுபது யூனிட் ஆயிடும். இனிமே இங்க உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போக விண்ணப்பம் போடுங்க. நேரா மூணாம் வருஷத்துல உக்காரலாம்.”

“என்னை விரட்டுறியா?”

“ஆமா,” என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அப்போதே அவளைப் பிடித்துவிட்டது.

ஒன்பது வருஷம். பருவத்துக்கு ஒரு பாடம், தெம்பு இருந்தால் இரண்டு. கால்குலஸ் மட்டும் இரண்டு தடவை. முதல் தடவை நடத்தினவருக்கு நான் கேள்வி கேட்டால் பிடிக்காது, அவர் பெயரை இங்கே எழுதி நோட்டைக் கெடுக்கப்போவதில்லை. தீவில் நாலாம் வகுப்போடு நின்றவள் நான். கலிபோர்னியாவுக்குக் கல்யாணம் ஆகி வந்தபோது பத்தொன்பது வயது, இங்கிலீஷில் மூன்று சொல். இப்போது அறுபத்தேழு.

தக்காளியில் பாதி சாறு வைத்தேன்.

செப்டம்பர் 15 — சனி

மகள் லுசீலியாவிடம் சொன்னேன்.

“பட்டம் வாங்கி என்னம்மா பண்ணப் போறே?”

“வாங்கினப்புறம் சொல்றேன்.”

“எதுல?”

“நிலவியல். எரிமலை.”

சிரித்தாள். தொலைபேசி கீழே விழுகிற சத்தம் கேட்டது. எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். செப்டம்பர் பதினைந்து, காலை பத்தே கால். இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 27 — வியாழன்

இன்றோடு அறுபத்தோரு வருஷம்.

எனக்கு ஆறு வயது. ஃபயால் தீவில் எங்கள் கபெலோ ஊரின் ஓரம், கடல் கொதித்தது. பிறகு பதின்மூன்று மாசம் சாம்பல். அப்பாவின் சோளக்கொல்லை போனது. கூரை உட்கார்ந்தது. வாசலில் இருந்த அத்திமரத்தின் உச்சிக்கிளை மட்டும் சாம்பலுக்கு மேல் கொஞ்ச நாள் தெரிந்தது, அதில் மூன்று காய் இருந்தது. பழுப்பதற்குள் அதையும் மூடிவிட்டது.

பூமிக்கடியில் என்ன அவசரம் என்று கேட்க வேண்டும். அதன் சட்டையைப் பிடித்துக் கேட்க வேறு வழி தெரியவில்லை. படிக்கிறேன்.

அக்டோபர் 1 — திங்கள்

விண்ணப்பம் திறந்துவிட்டது. கடவுச்சொல்லில் பெரிய எழுத்து வேண்டுமாம், எண் வேண்டுமாம், ஆச்சரியக்குறி வேண்டுமாம். முதல் பசுவின் பெயரையும் அது கன்று போட்ட வருஷத்தையும் போட்டு, ஆச்சரியத்தோடு முடித்தேன். இதை எவனும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு மறக்காது.

அக்டோபர் 12 — வெள்ளி

நான்கு கேள்விக்குக் கட்டுரை எழுத வேண்டும். ஒவ்வொன்றும் முந்நூற்றைம்பது சொல். ‘நீங்கள் சந்தித்த பெரிய இடையூறு என்ன, அதை எப்படித் தாண்டினீர்கள்?’

ஆயிரத்து நூறு சொல் எழுதிக்கொண்டு போனேன். மிஸ் வாங் படித்தாள். படித்துக்கொண்டே பென்சிலால் ஏதோ எண்ணினாள்.

“மிசஸ் ரோசா, இதுல ஏழு பேரைத் திட்டியிருக்கீங்க.”

“எல்லாம் நடந்தது.”

“நடந்திருக்கும். ஆனா இடையூறுன்னா ஒண்ணு போதும். யாரை வெச்சுக்கலாம்?”

யோசித்துப் பார்த்தால் எரிமலைதான் மூத்தது. அதை வைத்துக்கொண்டேன். பாதிரியாரையும், பால் பண்ணை ஆய்வாளரையும், 1986-இல் என் கேக் அச்சை வாங்கிக்கொண்டு போன எதிர்வீட்டுக்காரியையும் வெட்டினோம். கேக் அச்சை வெட்டும்போது மனசு வலித்தது.

அக்டோபர் 20 — சனி

ஒரு பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

‘இதற்குமுன் படித்த எல்லாக் கல்லூரிகளையும் குறிப்பிடவும். ஒரு பாடமே எடுத்திருந்தாலும்.’

எங்கள் ஊர்க் கல்லூரியைப் போட்டேன். கீழே இன்னொரு காலிக் கட்டம். அதையே பார்த்துக்கொண்டு காபியை ஆறவிட்டேன்.

இதைப் பற்றி நான் எங்கேயும் எழுதியதில்லை. எழுதாமலே எல்லாம் இருக்கிறது.

1979. பக்கத்து ஊர்க் கல்லூரியில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு, செவ்வாயும் வியாழனும். ஆங்கிலம் ஒன்று, கணக்கு ஒன்று. என் நாத்தனார் இதலினாதான் என்னையும் சேர்த்துப் பெயர் கொடுத்தாள். அவளிடம் பச்சை நிற வண்டி. எனக்கு அப்போது ஓட்டத் தெரியாது. மத்தியானக் கறவை முடித்துக் குளித்துவிட்டு, எங்கள் பண்ணைப் பாதை சாலையில் சேருகிற இடத்தில், பால் கேன் மேடைக்குப் பக்கத்தில் நிற்பேன். ஹார்ன் அடிப்பாள். ஏறுவேன். கணக்குப் பரீட்சையில் எனக்கு இருபதுக்குப் பத்தொன்பது. அவளுக்குப் பதினாலு.

அந்த வருஷம் அக்டோபர் 23, செவ்வாய். நீலப் பூப்போட்ட சட்டை. கையில் நோட்டு, வாத்தியாருக்கென்று சுட்ட இனிப்பு ரொட்டி. ஐந்து நாற்பதிலிருந்து ஏழு ஐந்து வரை நின்றேன். வண்டி வரவில்லை. வியாழக்கிழமையும் நின்றேன். வரவில்லை. ஞாயிறு பூசையில் கேட்டேன். “இனிமே என்னால முடியாது,” என்றாள். ஏன் என்று கேட்டதற்குப் பூசைப் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். காரணம் எனக்குத் தெரியாதா? பத்தொன்பதும் பதினாலும்தான். அவள் மட்டும் போய் வகுப்பை முடித்தாள். எனக்கு இரண்டு பாடத்திலும் எஃப் விழுந்திருக்கும். வராதவளுக்கு வேறு என்ன போடுவார்கள்?

அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தவர் என் வீட்டுக்காரர் செராஃபிம். தீவன லாரியில் அந்த வழியாக வந்தார். பக்கத்து இருக்கையைத் துடைத்து சுத்தமாக வைத்திருந்தார். “பாவம் நீ, அவ எப்பவுமே அப்படித்தான்,” என்று ஒரு மாதுளையை மடியில் வைத்தார். தங்கமான மனுஷன்.

அடுத்த மார்ச்சில் நானே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன், அவள் தயவு இனி வேண்டாம் என்று. அதற்குள் மகன் அவெலினோ வயிற்றில். பிறகு மாடு. பிறகும் மாடு.

லுசீலியாவுக்கு ஞானத்தாய் இதலினா. அந்த முறையில் நாங்கள் ஒருவரையொருவர் கொமாத்ரெ என்று கூப்பிட வேண்டும். முப்பத்தொன்பது வருஷமாக அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. கல்யாணத்தில், சாவில், திருநாள் சமையலில் பக்கத்தில் நிற்போம். ஏதாவது சொல்ல வேண்டுமானால் நடுவில் ஒரு ஆள் வேண்டும்.

என் கணக்கில் அந்த நாலு வாரப் படிப்பு நடக்கவே இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன்.

நவம்பர் 2 — வெள்ளி

கல்லறைத் திருநாள். செராஃபிமின் கல்லைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் செவ்வந்தித் தொட்டி ஒன்று வைத்தேன். பதினோரு வருஷம் ஆகிறது. ‘பல்கலைக்கழகம் போறேன், உன் மகள் சிரிக்கிறா’ என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்காக ஒரு வார்த்தை பேசியிருப்பார்.

இரண்டு வரிசை தள்ளி இதலினா தன் அம்மாவின் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குனிந்தால் இப்போதெல்லாம் எழுந்திருக்க நேரமாகிறது அவளுக்கு. நான் பார்க்கவில்லை.

நவம்பர் 29 — வியாழன்

அனுப்பிவிட்டேன். கடைசியில் ஒரு சின்னச் சதுரம்: ‘மேலே சொன்னது முழுமையானது, உண்மையானது.’ அதில் குறி போட்டால்தான் போகும். போட்டேன்.

மறந்துபோய் விடுபட்டது எதுவும் இல்லை. அது உண்மை.

டிசம்பர் 13 — வியாழன்

இயற்பியல் பரீட்சை. எனக்கு ஏ. பக்கத்து நாற்காலிப் பையனுக்கு பி. அறுபது யூனிட்.

ஜனவரி 11, 2019 — வெள்ளி

மூடுபனி. வாசலிலிருந்து தபால் பெட்டி தெரியவில்லை.

கடைசிப் பருவத்து மதிப்பெண்ணை அனுப்புவதற்கு மிஸ் வாங்கிடம் போனேன். அதை அடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்:

“உங்க விண்ணப்பம் எனக்குக் கவலையே இல்லாதது. ஒரே கல்லூரி, சுத்தமா இருக்கு. போன வருஷம் ஒருத்தர், நல்லா படிச்சவர், இடம் கிடைச்சு அந்த ஊர்ல அறைகூட எடுத்துட்டார். எப்பவோ ஒரு கோடையில வேற எங்கயோ ஒரு வகுப்பு எடுத்ததைச் சொல்லல. ஆகஸ்ட்ல கண்டுபிடிச்சு இடத்தை ரத்து பண்ணிட்டாங்க.”

“ஒரே ஒரு வகுப்புக்கா?”

“வகுப்புக்கு இல்ல. மறைச்சதுக்கு.”

என்னிடம் இரண்டு வகுப்பு இருக்கிறது. வரும் வழியில் எங்கள் முக்கையே தாண்டிப் போய்விட்டேன். பனி என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 14 — திங்கள்

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நீலச் சட்டை வரைக்கும்.

மிஸ் வாங் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். “மிசஸ் ரோசா, ஏழு பேரைத் திட்டி எழுதினீங்களே, இந்த நாத்தனார் அதுல இல்லயே?”

“அவளுக்கு முந்நூற்றைம்பது சொல் பத்தாது.”

அப்போதுதான் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நாமாகவே முந்திக்கொண்டு சொல்லித் திருத்தினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள் என்றாள். ஆனால் அந்தப் பழைய கல்லூரியிலிருந்து மதிப்பெண் சான்று வர வேண்டும். இரண்டு எஃப் இருந்தால் சராசரி இறங்கும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். விளிம்பில் நிற்கிறேன். எரிமலைப் படிப்புக்கு எடுப்பதே கொஞ்சம் பேர்.

நாற்பது வருஷத்துக்கு முந்தின ஒரு செவ்வாய்க்கிழமை. இன்னும் என் காலைப் பிடித்து இழுக்கிறது. அவளை நான் — வேண்டாம். எழுதாமல் இருக்கிறேன்.

ஜனவரி 18 — வெள்ளி

பழைய கல்லூரியிலிருந்து பதில்: டியோலிண்டா ரோசா என்று யாரும் இங்கே படித்ததே இல்லையாம்.

“அப்ப நிம்மதிதானே? படிக்கலன்னே இருக்கட்டும்,” என்றாள் லுசீலியா.

நான் அங்கே போகவே இல்லை என்றால் என்னை யார் நிறுத்தினார்கள்? பத்தொன்பது மதிப்பெண் யாருடையது? எனக்குக் கோபம்தான் வந்தது. மிஸ் வாங்கும் விடவில்லை. வேறு பெயரில் இருக்கலாம், விண்ணப்பத்தை நிரப்பினவரைக் கேளுங்கள் என்றாள்.

நிரப்பினவள் யார்? எனக்கு அப்போது இங்கிலீஷ் எழுதத் தெரியாது.

ஜனவரி 26 — சனி

வருஷாவருஷம் ஜனவரியில் பன்றி வெட்டி, ஒரு சனிக்கிழமை லிங்குயிசா தொத்திறைச்சி போடுவோம். இதலினா வீட்டுக் கொட்டகையில்தான். மூன்று நாள் வைனிலும் பூண்டிலும் மிளகாய் விழுதிலும் ஊறிய கறி. குடலில் நிரப்புவதற்கு ஒருத்தி, நூலால் கட்டுவதற்கு ஒருத்தி. நான் நிரப்புவேன், இதலினா கட்டுவாள். எங்கள் கை வேகத்துக்கு வேறு எந்த ஜோடியும் வராது, அதனால் பேசுகிறோமோ இல்லையோ, இடம் மட்டும் மாறியதில்லை. நடுவில் லுசீலியா நின்றுகொண்டு ‘அம்மா மெதுவா நிரப்பணுமாம்’, ‘அத்தை இறுக்கிக் கட்டணுமாம்’ என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

இன்று லுசீலியா நூல் எடுத்து வர வீட்டுக்குள் போனாள். எனக்கு வேறு வழியில்லை.

“1979-ல என் பேரை என்னன்னு எழுதினே?”

முடிச்சில் இருந்த விரல் நின்றது. எந்த விண்ணப்பம், எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

“லிண்டா ரோஸ்.”

“யாரு அவ?”

“நீதான். டியோலிண்டா அவங்க வாய்ல நுழையாது. இங்க வந்த நம்ம ஆளுங்க எல்லாரும் அப்படித்தானே பேரை வெட்டினோம். அந்த வகுப்புல நான் ஐடா.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொன்னேன். தலையாட்டினே. இங்கிலீஷ்ல எதைச் சொன்னாலும் அப்ப தலையாட்டுவே.”

அது நிஜம். வாத்தியார் ‘லிண்டா’ என்று கூப்பிடுவார். சுருக்கிக் கூப்பிடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

“எதுக்கு இப்ப?” என்று கேட்டாள். சொன்னேன். பல்கலைக்கழகம், சான்று, இரண்டு எஃப். “நீ வண்டியை நிறுத்தினதுக்கு வந்த எஃப்,” என்றும் சேர்த்தேன்.

“எஃப் இருக்காது. கெடு முடியறதுக்கு முந்தின நாள் நான் போய் உன் பேரை எடுத்துட்டு வந்தேன். எஃப் விழக் கூடாதுன்னு. உன் கையெழுத்தை நானே போட்டேன். கோழி கிளறின மாதிரிதானே இருக்கும், கஷ்டமா இல்ல.”

“நிறுத்தினவளுக்கு அக்கறை வேறயா?”

குடல் கிழிந்து கறி பிதுங்கியது. நிரப்புகிற இயந்திரத்தின் கைப்பிடியை நான்தான் வேகமாகச் சுற்றிவிட்டேன். இதலினா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், லுசீலியா வருகிறாளா என்று.

“நானா நிறுத்தினேன்? உன் புருஷன் நிறுத்தச் சொன்னான்.”

“பொய்.”

“அந்தத் திங்கக்கிழமை இங்க வந்து நின்னான். இதே கொட்டகை. ‘அக்கா, அவ பத்தொன்பது வாங்கிட்டா. இப்படியே போனா மாட்டுக்கிட்ட நிக்க மாட்டா. எனக்குத் தனியா முடியல, அவளை இனிமே கூட்டிட்டுப் போகாதே’ன்னான். நீயே சொல்லுடான்னேன். ‘நான் சொன்னா சாகுற வரைக்கும் மறக்க மாட்டா. ஒரே வீட்டுல இருந்தாகணும். உன்மேல கோவப்பட்டா பரவால்ல, நீ வேற வீடு’ன்னான். என் தம்பி அழுது நான் பாத்ததில்ல டியோலிண்டா.”

“அவர் போய்ப் பதினோரு வருஷமாச்சே. அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?”

“செத்தவன்கிட்ட எப்படிச் சண்டை போடுவே? நான் உசுரோடதானே இருக்கேன். என்கிட்டயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

லுசீலியா நூலோடு வந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். “என்ன, நான் யாருக்கு என்ன சொல்லணும்?”

“ஒண்ணும் வேணாம்,” என்றோம் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

மீதிக் கறி முழுவதையும் நிரப்பி முடித்தோம். அறுபத்திரண்டு சரம்.

ஜனவரி 27 — ஞாயிறு

அந்த இருக்கை.

தீவன லாரியின் பக்கத்து இருக்கையில் எப்போதும் மூட்டை, கயிறு, குறடு, எங்கள் மஞ்சள் நாய். யாராவது ஏற வேண்டுமானால் பத்து நிமிஷம் ஆகும். அன்றைக்குத் துடைத்து வைத்திருந்தது. நாய் பின்னால். கையில் மாதுளை தயாராக.

நான் அங்கே நிற்பேன் என்று தெரிந்தே வந்திருக்கிறான் அந்த மனுஷன்!

எல்லாம் நினைவிருந்தது எனக்கு. சட்டையின் பூ, நேரம், நாய் எங்கே உட்கார்ந்தது என்பதுவரை. இந்த ஊரில் என்னைப்போல் ஞாபகம் யாருக்கும் இல்லை என்று பெருமை வேறு. சேர்த்துப் பார்க்கத்தான் இல்லை.

பூசைக்குப் போகவில்லை.

ஜனவரி 28 — திங்கள்

கல்லறைக்குப் போனேன். செத்தவனோடு சண்டை போட முடியாது என்கிறாள் இதலினா. முடியும். நாற்பது நிமிஷம் நின்று போட்டேன். புல் வெட்டுகிறவர் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

‘என்கிட்ட கேட்டிருந்தா ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருப்பேனே, செராஃபிம். மாட்டையும் பாத்திருப்பேன், கணக்கையும் பாத்திருப்பேன். எனக்கு முடியும்னு உனக்குத் தெரிஞ்சுதானே பயந்தே?’

பதில் சொல்லாமல் இருப்பதில் அவர் எப்போதுமே கெட்டிக்காரர்.

நவம்பரில் வைத்த செவ்வந்தித் தொட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 12 — செவ்வாய்

உறை வந்தது. லிண்டா ரோஸ். ஆங்கிலம்: டபிள்யூ. கணக்கு: டபிள்யூ. அப்படியென்றால் தானாக விலகியவள் என்று பொருள், சராசரியில் ஒட்டாது. எஃப் எங்கேயும் இல்லை.

மிஸ் வாங் மேசையைத் தட்டினாள். உடனே இன்னொரு குண்டு போட்டாள். “இந்த லிண்டா ரோஸும் நீங்களும் ஒரே ஆள்னு அவங்க எப்படி நம்புவாங்க? பிறந்த தேதிகூட இதுல இல்ல. ரெண்டு பேரையும் தெரிஞ்ச ஒருத்தர் சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கணும்.”

இரண்டு பேரையும் தெரிந்தவர் இந்த உலகத்தில் ஒருத்திதான்.

பிப்ரவரி 15 — வெள்ளி

இதலினா பூசைக்குப் போடும் கறுப்புக் கோட்டில் வந்தாள். உதட்டுச் சாயம் வேறு. கையெழுத்துக்குச் சாட்சி முத்திரை போடுகிற அலுவலகத்தில், மூக்குக்கண்ணாடி போட்ட இளைஞர் கேட்டார்: “இவங்களை உங்களுக்கு எவ்வளவு நல்லாத் தெரியும்?”

“முப்பத்தொன்பது வருஷமா என்கூடப் பேசாதவ,” என்றாள் இதலினா. “இவ அளவுக்கு நான் யாரைப் பத்தியும் யோசிச்சதில்ல.”

அவர் எதை எழுதுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். “நல்லாத் தெரியும்னு போடுங்க தம்பி,” என்றேன்.

இதலினா கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை அவள் கையெழுத்தே.

வெளியே வந்ததும், “என்ன படிக்கப் போறே?” என்றாள்.

“எரிமலை.”

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். “அதை விடாதே,” என்றாள். “எங்க வீட்டுத் திராட்சைத் தோட்டமும் அது கிட்டதான் போச்சு.”

மார்ச் 19 — செவ்வாய்

ஒன்றும் வரவில்லை. பாதாம் பூத்துக் கொட்டிவிட்டது.

ஏப்ரல் 2 — செவ்வாய்

வரவில்லை. தபால் பெட்டியைப் பார்த்து என்ன பயன், கணினியில்தான் வருமாம். இருந்தாலும் பார்க்கிறேன்.

ஏப்ரல் 24 — புதன்

இரண்டு மணிக்குக் கணினியைத் திறந்தேன். திரை முழுக்க வண்ணத் துண்டுகள் மேலிருந்து கொட்டின. கெட்டுவிட்டது என்று நினைத்துச் செருகியைப் பிடுங்கப் போனேன். லுசீலியா ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

“அம்மா, அது கொண்டாட்டம்மா! கீழ படி!”

படித்தேன். மூன்றாம் வருஷம். நிலவியல். டியோலிண்டா ரோசா, முழுப்பெயர்.

லுசீலியா அழுதாள். என் தோளில் சாய்ந்து, மூக்கைச் சிந்தி, குழந்தைபோல. நோட்டை எடுத்து செப்டம்பர் 15-ஐ அடித்துவிட்டேன். பென்சிலால்.

சாயங்காலம் இதலினாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “எவ்வளவு தூரம்?” என்றாள். முப்பத்தெட்டு மைல் என்றேன். “ம்,” என்று வைத்துவிட்டாள்.

இருட்டுவதற்குள் கல்லறைக்குப் போய், செவ்வந்தித் தொட்டியைச் செராஃபிமுக்குத் திருப்பி வைத்தேன். மன்னித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் அதற்கு வெயில் போதவில்லை.

ஜூன் 9 — ஞாயிறு

பரிசுத்த ஆவித் திருநாள். ஊர்க் கூடத்தில் அறுநூறு பேருக்குச் சோப்பாஸ்: ரொட்டித் துண்டின் மேல் ஊற்றுகிற மாட்டுக்கறிச் சாறு. பெரிய அண்டா பக்கத்தில் நானும் இதலினாவும். அவள் உப்பை அள்ளினாள்.

“போதும், கரிக்கும்,” என்றேன்.

“போதாது, ரொட்டி இழுத்துக்கும்,” என்றாள்.

சமையல்கட்டில் இருந்த ஒன்பது பெண்களும் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். நடுவில் ஆள் இல்லாமல் நாங்கள் பேசி அவர்களில் பாதிப் பேர் கேட்டதே இல்லை. ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவள் சொன்னதுதான் சரி. ரொட்டி இழுத்துக்கொண்டது. இதை அவளிடம் சொல்லப்போவதில்லை.

ஆகஸ்ட் 19 — திங்கள்

இதலினா கூப்பிட்டாள்.

“புதன்கிழமை முதல் நாள்தானே? ஏழே காலுக்கு வர்றேன். வாசல்ல நில்லு.”

“எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்.”

“தெரியும். நில்லு.”

ஆகஸ்ட் 21 — புதன்

பையில் இரண்டு நோட்டு, மூன்று பேனா, உருப்பெருக்கி, இனிப்பு ரொட்டி. ரொட்டி வாத்தியாருக்கு, எந்த வாத்தியார் என்று போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஏழு மணிக்கே போய் நின்றேன். பால் கேன் மேடை இப்போது இல்லை, அந்த இடத்தில் தபால் பெட்டி. தக்காளி லாரி வந்தது. அவன் கையாட்டினான். கை தூக்கிவிட்டேன், யோசிப்பதற்குள்.

ஏழு பத்து. ஏழு பதினைந்து. சாலை காலி. பையைத் திறந்து பேனாவை இன்னொரு தடவை எண்ணினேன். அறுபத்தெட்டு வயதில் என்ன இது, வீட்டில் சாவி தொங்குகிறது, எடுத்துக்கொண்டு கிளம்பினால் ஆயிற்று — ஆனாலும் நகரவில்லை.

முக்கில் ஹார்ன்.

கதவைத் திறந்தேன். பக்கத்து இருக்கையில் அவள் கைப்பை, கோயில் காகிதங்கள், மாத்திரை டப்பா, தோட்டத்துக் கத்தரி, பாதி கடித்த பீச். எதையும் ஒதுக்கி வைக்கவில்லை. பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. எல்லாவற்றையும் வாரி மடியில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

“ஒரு நிமிஷம் லேட்டு, கொமாத்ரெ,” என்றேன்.